விடிய என்றால் எத்தனை மணி

மலாய் நாட்டுச் சிகாமட் ரயில் நிலையத்தில் இருபது வருஷம் குமாஸ்தாவாக வேலை பார்த்த கந்தப்பு கிராணியார் ஒரே ஒரு தடவைதான் நேரத்தைத் தப்பாகச் சொன்னார். அந்த ஒரு தடவையில் அறுநூறு பேர் பாயும் தலையணையுமாக வந்து இறங்கிவிட்டார்கள்.

பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர் அவர். வந்த நாள் முதல் ரயில்வேதான். பெரிய தாள் ஒன்றை மேசை முழுக்க விரித்து, இடது ஓரத்தில் நிலையங்களின் பெயர்களை மேலிருந்து கீழாக எழுதி, மேலே மணிகளை வரிசையாகக் குறித்து, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாய்ந்த கோடு இழுப்பார். தபால் வண்டிக்குச் சிவப்பு, பயணிகள் வண்டிக்கு நீலம், சாமான் வண்டிக்குக் கறுப்பு. தண்டவாளம் ஒன்றே ஒன்று. எதிரும் புதிருமாக வரும் இரண்டு கோடுகள் ஒரு நிலையத்தில் வெட்டிக்கொண்டால் நல்லது. ஒரு வண்டி பக்கத் தடத்தில் ஒதுங்கும், மற்றது போகும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே வெட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்கக்கூட அவர் விரும்பமாட்டார்.

இந்தக் கோட்டுப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. ஐந்தரைக்குக் குளியல், ஆறுக்குப் பூசை, ஆறே காலுக்குப் புட்டு. இரண்டு நிமிஷம் தாமதமானால் அடுக்களை வாசலில் கைக்கடிகாரத்தோடு வந்து நிற்பார். மனைவி கமலாம்பிகை லேசுப்பட்டவள் அல்ல.

“இஞ்சாருங்கோ, புட்டுக்கு இன்னும் சிக்னல் விழேல்லை. அங்கால பக்கத் தடத்தில கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கோ” என்பாள். கந்தப்புவும் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நிற்பார். மனிதருக்கு நேரத்தில்தான் பிடிவாதம். மற்றபடி நல்ல மனுஷர்.

1934-ஆம் வருஷம் சிகாமட் வட்டாரத் தமிழர்களுக்கு ஒரு மாநாடு நடத்த வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்த அன்றே சண்டையும் வந்தது. ஜொகூரில் அரசாங்க அலுவலகங்களுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. தோட்டத்து ஆட்களுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி வைத்தால் தோட்டம் வராது, ஞாயிறு வைத்தால் குமாஸ்தாக்கள் வரமாட்டார்கள். மூன்று கூட்டம் போட்டு மூன்றிலும் தேநீர் குடித்ததுதான் மிச்சம். நாலாவது கூட்டத்தில் கந்தப்பு பஞ்சாங்கத்தைப் பிரித்துக் காட்டினார். அந்த வருஷம் சித்திரைப் பிறப்பு வெள்ளிக்கிழமையில் விழுந்திருந்தது. வருஷப் பிறப்புக்குத் தோட்டங்களிலும் லீவு உண்டு. எல்லாரும் கைதட்டினார்கள்.

மாநாட்டுத் தலைவர் அம்பிகைபாகன் நிலக் கந்தோரில், அதாவது அரசாங்க நில அலுவலகத்தில், தலைமைக் குமாஸ்தா. அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். கனத்த சரீரம், கனத்த குரல், கனத்த தமிழ். அவர் அப்போதே தம் பேருரையை நாற்பத்திரண்டு பக்கம் எழுதி முடித்திருந்தார்.

“ஓய் கந்தப்பு, ரயிலையே மோதாமல் ஓட்டுறீர். பேச்சாளரை மோதாமல் ஓட்டமாட்டீரோ? நிகழ்ச்சி நிரல் உம்மட பொறுப்பு” என்று அவர் சொல்லிவிட்டார்.

கந்தப்பு புதுத் தாள் ஒன்றை விரித்தார். முதலில் கையிருப்பு என்ன என்று பார்த்தார். அரிசி வியாபாரம் செய்யும் சீனத் தவுக்கே ஒருவர் புதிதாகக் கட்டிய கிடங்கை ஒரு நாளைக்கு இரவல் கொடுத்திருந்தார். ஆனால் அன்று மாலை ஐந்து மணிக்கு அவருக்கு அரிசி மூட்டை வந்து இறங்குகிறது. ஐந்துக்குக் கிடங்கு காலியாக வேண்டும். ஊரில் இருந்த ஒரே கேஸ் விளக்கும் பழுது. சமையல் பாத்திரங்கள் ஒரு பந்திக்கு முந்நூறு பேருக்குத்தான் காணும். தெற்கே உள்ள தோட்டங்களிலிருந்து வர இரண்டே வண்டி: காலை எட்டு ஐம்பது, மத்தியானம் பன்னிரண்டு இருபது. மாலையில் திரும்பிப் போக ஒரே வண்டி, ஐந்தேகால்.

அடுத்து, வருகிறவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவேண்டும். “அதை என்னத்துக்குக் கேக்கிறீர்? நாங்கள் குடுக்கிறதை அவையள் கேக்கட்டும்” என்றார் தலைவர். கந்தப்பு தலையாட்டிவிட்டுத் தம் போக்கில் காரியம் செய்தார். காலிப் பால்டின் நாற்பது சேர்த்து, தோட்டத்துக்கு நாலாக ரயில் கார்டுகள் கையில் கொடுத்தனுப்பினார். ஒரு டின்னில் கரியால் மத்தளம் வரைந்திருந்தது, அது நாடகம். ஒன்றில் வாழையிலை, அது சாப்பாடு. ஒன்றில் திறந்த வாய், அது பேச்சு. கடைசியில் சிலேட்டுப் பலகை, அது பள்ளிக்கூடம். ஆளுக்கு இரண்டு ரப்பர் விதை. பிடித்த டின்னில் போடலாம்.

பத்து நாளில் டின்கள் திரும்பி வந்தன. மத்தள டின்களில் விதை வழிந்தது. இலை டின்களும் அப்படித்தான். திறந்த வாய் டின்கள் பத்திலும் சேர்த்து ஏழே விதை. அதைத் தலைவரிடம் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று கந்தப்பு முடிவு செய்தார். ஆனால் சிலேட்டு டின்களை எடுத்தபோதுதான் அவருக்கு ஆச்சரியம். அரை டின், முக்கால் டின் என்று கனத்தன. யார் போட்டார்கள் என்று கேட்டதற்கு, “பொம்பளைங்கதான் ஐயா” என்றார்கள் கார்டுகள்.

அதற்குப் பின்னால் இருந்தது யார் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று.

சுங்கை லாலாங் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் வெள்ளையம்மா மாதம் ஒரு முறை சிகாமட்டுக்கு வருவாள். சேலத்தில் இருக்கும் தம்பி எழுதும் கடிதத்தைக் கந்தப்புவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். தோட்டத்துக் கிராணியிடம் கொடுத்தால் அவர் உரக்க வாசிப்பார். தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்கச் செய்தி பரவிய பிறகுதான் வீட்டுக்கு வரும். அதனால் இவ்வளவு தூரம். அவளுக்கு இரண்டு பெண்கள். தாய் காலையில் மரம் வெட்டப் போனால் அவர்கள் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடமோ காலையில்தான். பையன்கள் போனார்கள், பெண்கள் போகவில்லை. வேலை முடிந்து தாய்கள் வீடு திரும்பிய பிறகு பெண்களுக்கென்று ஒரு வகுப்பு வேண்டும் என்பது அவளுடைய கோரிக்கை. மாநாட்டில் தீர்மானமாகப் போட்டு அரசாங்க அதிகாரிக்கு அனுப்பச் சொன்னாள்.

கந்தப்பு இதைச் சொன்னதும் அம்பிகைபாகன் யோசித்தார். “விதைக்கு வாயில்லை, கந்தப்பு. நாளைக்கு அதிகாரி, ‘இது ஆர் கேட்டது?’ எண்டு கேட்டால் டின்னையோ காட்டுறது? இருநூறு பெண்கள் சபையில கை தூக்கட்டும். நான் கையெழுத்துப் போட்டு அனுப்புறன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது எண்டாலும் அனுப்பமாட்டன்.”

இதைக் கந்தப்பு வெள்ளையம்மாவிடம் சொன்னார்.

“இருநூறு பேரு வருவாங்க ஐயா, அதுல சந்தேகம் இல்ல. ஆனா நம்ம சனம் நாடகம் முடிஞ்சா எந்திரிச்சுப் போயிடும். காலி எடத்துல நான் என்னத்தப் பேச?”

“சபை நிறைஞ்சு இருக்கேக்கதான் உங்கட பேச்சு வரும். நான் வார்த்தை தாறன்” என்றார் கந்தப்பு. அவர் லேசில் வார்த்தை கொடுக்கிறவர் அல்ல. கொடுத்தால் வண்டி வந்துசேர வேண்டும்.

அதனால்தான் நாடகத்தை அவர் காலையிலேயே வைத்தார். எட்டு ஐம்பது வண்டியில் வரும் கூட்டம் நேரே நாடகத்துக்கு வரும். நாடகம் முடிந்த அதே மூச்சில் வெள்ளையம்மா மேடையேறிவிடலாம். பந்தி அதற்குப் பிறகுதான் என்பதால் யாரும் எங்கும் போகமுடியாது. தலைவர் பேருரை கடைசியில். சாப்பிட்டவர்கள் தூங்கினாலும் பாதகமில்லை. தாளில் கோடுகள் அழகாக விழுந்தன.

தோட்டங்களுக்கு அறிவிப்பு எழுதும்போதுதான் ஒரு சிக்கல். மணி போடலாமா? சில தோட்டங்களில் ஆட்கள் சீக்கிரம் வேலைக்கு இறங்கட்டும் என்று துரைமார் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். சில இடங்களில் கடிகாரமே கிடையாது. ரயில்வே மணி ஒன்று, தோட்டத்து மணி ஒன்று என்று குழப்பம் வரும். கந்தப்பு புத்திசாலித்தனமாக யோசித்து, மணியே போடாமல் பொழுதைப் போட்டார். யாருக்கும் புரியும் அல்லவா?

அவர் எழுதியது இதுதான்: “விடிய: நாடகம். உடனே வெள்ளையம்மாவின் பேச்சும் தீர்மானமும். மத்தியானம்: சாப்பாடு. பின்னேரம்: தலைவர் பேருரை.”

இதே போலப் பத்துப் பிரதி, முத்துமுத்தான கையெழுத்தில். கமலாம்பிகையும் வாசித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள். அவளும் யாழ்ப்பாணத்துக்காரி.

வருஷப் பிறப்பன்று காலை வேட்டி சால்வையோடு கந்தப்பு பிளாட்பாரத்தில் நின்றார். எட்டு ஐம்பது வண்டி எட்டு ஐம்பதுக்கே வந்தது. கதவுகள் திறந்தன. முதல் பெட்டியிலிருந்து கூடையோடு ஒரு மலாய்க்காரர் இறங்கினார். இரண்டாவதிலிருந்து சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகையின் நிருபர். கடைசிப் பெட்டியிலிருந்து வெள்ளையம்மா, தனியாக. அவ்வளவுதான். கார்டு பச்சைக் கொடியைக் காட்டினார், வண்டி போய்விட்டது.

“எங்க, மற்ற ஆக்கள்?” என்றார் கந்தப்பு.

“எல்லாரும் மத்தியான வண்டிக்குத்தான் வர்றாங்க ஐயா. நான் உங்ககிட்ட ஒரு நாயம் கேக்கத்தான் முன்னாடியே வந்தேன்.” வெள்ளையம்மா கோபமாக இருந்தாள். “சபை நெறைஞ்சு இருக்கிறப்போ பேச விடுறேன்னு வார்த்தை குடுத்தீங்களே. இப்ப நாடகம் விடிய விடியன்னு போட்டு, அது முடிஞ்சு என் பேச்சுன்னா என்ன அர்த்தம்? சனிக்கெழம கோழி கூவுற நேரத்துல, தூங்கி விழுற சனத்துக்கிட்டயா நான் பேசணும்? தூக்கத்துல எவ கையத் தூக்குவா?”

“விடிய விடியவா? நான் எங்க விடிய விடிய எண்டு எழுதினன்? விடிய எண்டுதானே எழுதினன்!”

“அதான் ஐயா. நாடகம் விடிய. பொழுது விடியிற வரைக்கும்.”

“ஐயோ, விடிய எண்டால் காலமை! காலையில!”

வெள்ளையம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “காலையிலன்னா காலையிலன்னு எழுத வேண்டியதுதான? எங்க ஊர்ல விடிய கூத்துன்னா ராத்திரி பூரா கூத்து. கிராணி வாசிச்சதும் லயமே குதிச்சிடுச்சு. அதுக்கப்புறம் மத்தியானம் சாப்பாடுன்னது மட்டும்தான் காதுல விழுந்துச்சு. மத்தியானம் போய்ச் சாப்பிட்டுட்டு, விடிய விடிய நாடகம் பாத்துட்டு, காலையில திரும்பலாம்னு எல்லாரும் பாய் சுருட்டி வச்சிருக்காங்க.”

யாழ்ப்பாணத்தில் விடிய என்றால் காலை. பிறந்தது முதல் அப்படித்தான் பேசினார், வந்த இடத்திலும் பேசினார், இருபது வருஷத்தில் ஒருவரும் திருத்தவில்லை. ரயிலுக்கு மணி போட்டே பழகியதால் அந்தச் சொல்லை எழுத வேண்டி வந்ததே அந்த அறிவிப்பில்தான் முதல் தடவை. கந்தப்பு பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வருகிற மாதிரி இருந்தது.

“அலமாக்! என்ன ஐயா உக்காந்துட்டீங்க?” என்றாள் வெள்ளையம்மா. கோபம் போய் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டிருந்தது. “ரயில் தாமசமானா என்ன செய்வீங்க? உக்காந்து அழுவீங்களா?”

அந்தக் கேள்விதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. ரயில் தாமதமானால் அவர் அழுவதில்லை. பென்சிலை எடுப்பார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சரக்குச் சீட்டை எடுத்து அதன் முதுகில் கோடு போட்டார். கூட்டம் பன்னிரண்டு இருபதுக்கு வருகிறது. ஐந்துக்குக் கிடங்கு காலியாக வேண்டும். நடுவில் இரண்டு பந்தி, மூன்று மணி நேர நாடகம், வெள்ளையம்மா, தலைவரின் நாற்பத்திரண்டு பக்கம். எல்லாம் ஒரே தண்டவாளத்தில். நீளமான சாமான் வண்டி எதுவோ அதை முதலில் ஒதுக்கவேண்டும். எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கிடங்கில் முப்பது குமாஸ்தாக்கள் இருந்தார்கள், மிச்சமெல்லாம் காலி நாற்காலிகள். அம்பிகைபாகன் கோபத்தில் சிவந்திருந்தார்.

“ஐயா, உங்கட பேருரையை இப்பவே வைச்சால் நல்லம்” என்றார் கந்தப்பு.

“ஆருக்கு? நாற்காலிக்கோ?”

“பத்திரிகைக்காரர் பதினொண்டே முக்கால் வண்டியில திரும்பிறார் ஐயா. பின்னேரம் பேசினால் பேப்பரில ஒரு வரியும் வராது. அதோட, இப்ப எண்டால் நேரக் கட்டுப்பாடு இல்லை. எவ்வளவு நேரமும் பேசலாம்.”

எவ்வளவு நேரமும் என்ற சொல்லைத் தலைவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கேட்டிருக்க வேண்டும். முகம் மலர்ந்துவிட்டது. ஒன்பதேகாலுக்கு எழுந்தவர் பதினொன்றரை வரை உட்காரவில்லை. நாற்பத்திரண்டு பக்கத்தையும் பேசி, அதில் இல்லாததையும் பேசினார். நிருபர் கை வலிக்க எழுதினார். முப்பது குமாஸ்தாக்களும் அவருடைய தயவு வேண்டியவர்கள். ஆகவே ஒருவரும் நகரவில்லை. பேருரை பிரமாதமாக முடிந்தது.

அதற்குள் கந்தப்பு மேடைக்குப் பின்னால் ஓடினார். ரெங்கம் ஊரிலிருந்து முந்திய நாளே வந்துவிட்ட நாடகக்காரர் வீரமுத்து இளவரசி வேஷத்தில், மூக்குத்தியும் சேலையுமாக வியர்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் கந்தப்பு நேரில் மணியைச் சொல்லியிருந்தார். பாவம், காலை ஆறு மணிக்கே மாவு பூசிக்கொண்டவர்.

“நாடகம் மத்தியானம் ஒண்டே முக்காலுக்குத் துவங்கும். மூண்டரைக்கு நடுவில நிப்பாட்ட வேணும். வெள்ளையம்மா பேசுவா. பிறகு மிச்சம்.”

“நடுவுல நிறுத்துறதா? அந்த நேரத்துல இளவரசிக்குக் கடுதாசி வருதுங்க! போர்க்களத்துலேர்ந்து புருஷன் எழுதின கடுதாசி! அத வாங்கிப் பிரிக்கிற எடம். அங்க நிறுத்தினா சனம் என்னக் கொன்னுடும்லா!”

கந்தப்பு அந்த இடத்தை மனத்தில் ஒரு கணம் நிறுத்திப் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகினார்.

“அந்த இடத்திலதான் நிப்பாட்ட வேணும், வீரமுத்து. அப்பதான் ஒருத்தரும் எழும்ப மாட்டினம்.”

பன்னிரண்டு இருபது வண்டி நின்றதும் பிளாட்பாரம் காணாமல் போயிற்று. அறுநூறு பேர், அறுநூறு பாய், கைக்குழந்தைகள், போர்வைகள், பலகார டின்கள். ஒரு கிழவர் கொசுவலையே கொண்டுவந்திருந்தார். நாடகம் இரவில் இல்லை, பகலில்தான் என்று கந்தப்பு ஒவ்வொருவரிடமாகக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். முதலில் முணுமுணுத்தார்கள். மறுநாள் விடிகாலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குத் தூங்காத கண்ணோடு போய் நிற்க வேண்டியதில்லை என்று உறைத்ததும் முகம் தெளிந்தது. கமலாம்பிகையும் குமாஸ்தாக்களின் வீட்டுப் பெண்களும் முந்நூறு முந்நூறாக இரண்டு பந்தி போட்டார்கள். வருஷப் பிறப்பன்று வீட்டில் இருக்க விடவில்லையே என்று காலையில் முணுமுணுத்த கமலாம்பிகை, இப்போது இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் போடவோ?” என்று இலை இலையாகக் கேட்டு நடந்தாள்.

நாடகம் ஒன்றே முக்காலுக்குத் துவங்கியது. அவரவர் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். வீரமுத்து அழுதார், பாடினார், சிறையில் விழுந்தார். கந்தப்பு மேடையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தார். மூன்று இருபத்தெட்டுக்குத் தூதுவன் வந்தான். மூன்று முப்பதுக்கு இளவரசி கடிதத்தைப் பிரித்தாள். கந்தப்பு மணியை அடித்தார்.

கிடங்கே கத்தியது. “படி! படி!” என்று கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவில் வெள்ளையம்மா மேடையேறினாள். இளவரசியின் கையிலிருந்த கடிதத்தை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

“என்ன எழுதியிருக்குன்னு தெரியணுமா? எனக்கும் தெரியணும். ஆனா எனக்குப் படிக்கத் தெரியாதே! இங்க உக்காந்திருக்கிற பொம்பளைங்கள்ல யாருக்குத் தெரியும்? வாங்க, வந்து படிங்க.”

சத்தம் மெல்ல அடங்கிற்று.

“எந் தம்பி எனக்கு எழுதுறத வேற ஆளுதான் படிக்கிறாரு. அவரு சிரிச்சா நான் சிரிக்கிறேன், அவரு நிறுத்தினா நான் அவரு மூஞ்சியப் பாக்கிறேன். இன்னிக்கு என்ன நடந்துச்சு? ஒரு கடுதாசிய ஒருத்தர் படிச்சாரு, நாம எல்லாரும் பாயத் தூக்கிட்டு வந்துட்டோம்!” இதற்கு எல்லாரும் சிரித்தார்கள், கந்தப்பு தரையைப் பார்த்தார். “அதுல நாடகத்துக்கு அடுத்து என் பேரும் இருந்துச்சு. யாராச்சும் சொன்னாங்களா? நம்ம பொண்ணு ஒருத்தி படிச்சிருந்தா கடைசி வரைக்கும் படிச்சிருப்பா. அவ்வளவுதான் நான் கேக்கிறது. நாம வேலை முடிஞ்சு வந்தப்புறம், நம்ம பொண்ணுங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம்.”

அம்பிகைபாகன் எழுந்து, கந்தப்பு எழுதிக் கொடுத்த தீர்மானத்தை வாசித்தார். “பெண் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு வேண்டுமென்று இம்மாநாடு...”

“பின்னேரம்னா எத்தனை மணி ஐயா?” என்றாள் வெள்ளையம்மா. “இதையும் நீங்க ஒண்ணு எழுதி நாங்க ஒண்ணு நெனச்சுக்கப் போறோம். மணியப் போட்டுடுங்க.”

சிரிப்பு அடங்குவதற்குள் கந்தப்பு தாளை வாங்கிப் பின்னேரத்தை அடித்துவிட்டு, பிற்பகல் மூன்று மணி என்று எழுதினார். பெண்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர்.

கந்தப்பு சரக்குப் பெட்டிகளை எண்ணுகிற மாதிரி வலமிருந்து இடமாக எண்ணினார். கங்காணிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று சிலர் பாதிக் கைதான் தூக்கினார்கள். அதையும் எண்ணினார். நூற்று அறுபத்து மூன்று. இரண்டாம் முறையும் அதேதான். வெள்ளையம்மா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். வீரமுத்து இளவரசி வேஷத்தோடு கையைத் தூக்கினார். செல்லாது என்றார் தலைவர்.

சமையல் பக்கத்துத் தட்டி விலகியது. கமலாம்பிகை கரண்டியோடு கையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பதினெட்டுப் பெண்கள். “நாங்களும் பெண்கள்தானே? எண்ணுங்கோ” என்றாள். நூற்று எண்பத்திரண்டு.

அப்போதுதான் பின்வரிசையில் ஒருத்தி, “கிராணி ஐயா, செத்த நில்லுங்க! ரெண்டு கையிலயும் புள்ள இருக்கு, எதத் தூக்குறது?” என்று குரல் கொடுத்தாள். இடுப்புக் குழந்தையைப் புருஷன் மடியில் தொப்பென்று வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். அடுத்தவளும் வைத்தாள். வரிசை வரிசையாக ஆண்களின் மடியில் குழந்தைகள் விழுந்தன. பாதிக் குழந்தைகள் வீரிட்டன. கந்தப்பு இருநூறைத் தாண்டியும் நிறுத்தவில்லை. எண்ணத் தொடங்கினால் கடைசிப் பெட்டி வரை எண்ணவேண்டும் அல்லவா? இருநூற்று முப்பத்தொன்று. எண்ணிக்கையை அவர் பிளாட்பாரத்தில் வண்டி வரவைச் சொல்லுகிற குரலில் உரக்கச் சொன்னார்.

அம்பிகைபாகன் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

எண்ணி முடித்து, குழந்தைகளை அமர்த்தி, பாய்களைச் சுருட்டி ஐந்துக்குக் கிடங்கு காலியாகிவிட்டது, ஆனால் நாடகம் முடியவில்லை. அதையும் கந்தப்பு சரக்குச் சீட்டில் கோடு போட்டு வைத்திருந்தார். ஐந்தேகாலுக்கு வரும் வண்டி, எதிரே தபால் வண்டி கடந்து போகும் வரை நாற்பது நிமிஷம் சிகாமட்டில் நிற்கும். ஜன்னல்களில் தலைகளை நீட்டிக்கொண்டு அறுநூறு பேர் பார்க்க, பிளாட்பாரத்தில் இளவரசி கடிதத்தைப் படித்தாள், புருஷன் திரும்பி வந்தான், கல்யாணம் நடந்தது. மாலை மாற்றும்போது தபால் வண்டி ஊதிக்கொண்டு கடந்து போயிற்று. அதைவிடப் பொருத்தமான நாதஸ்வரம் வேறு வேண்டியதில்லை என்று வீரமுத்து பின்னால் பல இடங்களில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தீர்மானம் மேசை மேசையாக நகர்ந்தது. அந்த மேசைகளுக்குக் கந்தப்புவால் நேரம் குறிக்க முடியவில்லை. ஏழு மாதம் கழித்து மூன்று தோட்டங்களில் வகுப்புக்கு அனுமதி வந்தது. அதில் ஒன்று சுங்கை லாலாங். அதன் பிறகு வெள்ளையம்மா சிகாமட் பக்கம் வருவது குறைந்தது. ஒரு மாதம் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. தம்பியின் கடிதத்தை யார் வாசிக்கிறார்களோ என்று கந்தப்பு நினைத்துக்கொள்வார். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அடுத்த சித்திரைக்கு நாலு நாள் முன்னால் காலை வண்டியின் கார்டு ஒரு மடித்த தாளைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தார். சிலேட்டு எழுத்து போலப் பெரிய பெரிய எழுத்து. சில எழுத்துக்கள் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தன. கந்தப்பு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“கிராணி ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வெள்ளையம்மா எழுதுவது. நானே எழுதுகிறேன். பெண்கள் வகுப்பில் தாய்மாரும் உட்காரலாம் என்று வாத்தியார் சொன்னார். என் பெண்கள் முன் வரிசை, நான் பின் வரிசை. தம்பி கடுதாசி போன மாதம் வந்தது. மூன்று நாள் படித்தேன். வருஷப் பிறப்பு அன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் விழா. நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும். நேரம் மூன்று மணி. ரயில் மணி. விடிய இல்லை.”

எதிரே பயணிகள் சீட்டுக்கு நின்றார்கள். கந்தப்பு கிராணியார் அவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தாளை முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார்.